திருவள்ளூரில் இரட்டை லென்ஸ் கேமரா வாங்கிய கதை

பழைய ஃபிலிம் கேமரா தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்தது 1973 ஆடியில்.

ஆலை வேலையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் அருகே ஸ்டூடியோ திறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என்னுடைய மடிப்புக் கேமராவின் துருத்தியில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் மடியும் தோல் பையில், ஊசித்துளை இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆரம்பாக்கத்துக் கல்யாணப் படத்தில் வெளிச்சம் கசிந்து, மணப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக்கோடு விழுந்துவிட்டது. பெண்ணின் அப்பா திட்டவில்லை. படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அந்த ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை.

திருவள்ளூரில் இரண்டு கேமராக்கள் விலைக்கு இருப்பதாக ஃபிலிம் விற்பவர் சொன்னார். கையில் இருந்தது 450 ரூபாய். சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே என்று மனைவி சரோஜாவையும் அழைத்துக்கொண்டு காலை 6.20 பஸ்ஸில் கிளம்பினேன். பெரியபாளையம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அங்கே அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் மாற ஒன்றரை மணி நேரம் ஆனது. "ஆடி வெள்ளிக்கெழம இந்தப் பக்கம் வந்துக்கினு, பஸ் இல்லன்னா இன்னா பண்றது?" என்றார் கண்டக்டர். நியாயம்தான்.

திருவள்ளூர்க் கடையில் இருந்த முதல் கேமரா புதுசுபோல மின்னியது. விலை 420. பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் எண்ணெய்த்தாளை ஒட்டி, ஷட்டரைத் திறந்துவைத்து, தாளில் விழும் உருவத்தைப் பார்த்தேன். ஃபோகஸ் பார்க்கும் மேல்லென்ஸில் சரோஜாவின் கண் தெளிவாக இருந்தது. படம் எடுக்கும் கீழ்லென்ஸிலோ கலங்கித் தெரிந்தது. கடைக்காரர் அவசரப்படுத்தினார். வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது, காலமான ஒரு போட்டோகிராபரின் வீட்டில் இருந்தது. தோல் உரிந்த கேமரா. விலை 300. தாளில் இரண்டு லென்ஸும் ஒத்துப்போயின. உடனே பணத்தை நீட்டினேன். போட்டோகிராபரின் மனைவி வாங்கவில்லை. "ஒரு ரோல் எடுத்து, இங்கயே கழுவிப் பாருப்பா. அப்புறமா குடு" என்று இருட்டறையைத் திறந்துவிட்டார்.

சரோஜாவுக்கு முகமெல்லாம் அம்மை வடு. கல்யாணத்தன்றுகூடப் படத்துக்குக் குனிந்தேதான் நின்றாள். அன்று எனக்காக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரிண்ட் வந்தபோது ஒவ்வொரு வடுவும் துல்லியமாக விழுந்திருந்தது. டச் செய்து மறைத்துவிடலாம் என்று அவசரமாகச் சொன்னேன்.

அவள் ஜன்னலருகே போய் நெடுநேரம் பார்த்தாள். "வாணாம். என் மூஞ்சி இதான். நல்லாத்தான் கீது. வாங்கிடுங்க."

முந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். திரும்பும் பஸ்ஸில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியே போனேன். மறுவாரம் ஆரம்பாக்கம் போய், அந்த ஜோடியைக் காசில்லாமல் மறுபடி எடுத்தேன். பெண்ணின் அப்பாவும் கூட நின்றுகொண்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: மேல்பூச்சைப் பார்க்காதீர்கள். எண்ணெய்த்தாள் ஒரு துண்டு, 120 ஃபிலிம் ஒரு ரோல் கொண்டுபோங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து எடுத்து, கழுவிப் பார்த்தபிறகே பணம் கொடுங்கள். முடிந்தால் உள்ளதை உள்ளபடி உங்களிடம் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டிப்போய் உட்காரவையுங்கள்.