முருகேசன் மகன்கள் ஆறு பேர்

இன்று காலை புதுக்கோட்டையில் ஒரு பைக் ஷோரூமில் இன்டர்வியூ. இருப்பது ஒரே ஒரு பில்லிங் வேலை, வந்திருந்தது ஆறு பேர். டிகிரி முடித்த பிறகு நான் ஏறி இறங்கும் ஒன்பதாவது இடம் இது.

மேனேஜர் ஆறு ரெஸ்யூமையும் மேசையில் பரப்பிவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆறுலயும் அப்பா பேரு முருகேசன்னு இருக்கு. எல்லாரும் அண்ணன் தம்பிங்களா?"

என் அப்பா பெயர் செல்வராஜ்.

விசாரித்தால், ஆறு பேருமே பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை அக்காவிடம்தான் ரெஸ்யூம் அடித்திருக்கிறோம். அக்கா பழைய ஃபைலைத் திறந்து, எங்கள் பெயரையும் போட்டோவையும் மட்டும் மாற்றியிருக்கிறார்.

"பெத்த அப்பா பேரையே சரி பாக்கல, பில்லை எப்புடிப் பாப்பீங்க? போயிட்டு வாங்க" என்றார் மேனேஜர்.

நேராகக் கடைக்குப் போய்க் கத்தினேன். அக்கா அசரவே இல்லை.

"அந்த மேனேஜர் தம்பிக்கும் நாந்தான் அடிச்சுக் குடுத்தேன். அதுலயும் முருகேசன்னுதான் இருக்கும். அவருக்கு வேலை கெடைக்கலையா என்ன?"

ஆக, கூடப்பிறந்த அண்ணனே எனக்கு வேலை தரவில்லை.

புதுக்கோட்டை மக்களே, உங்கள் ரெஸ்யூமை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முருகேசன் என்று இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், ஃபேமிலி குரூப்பில் சேர்த்துவிடுகிறேன்.