என் பிளக் விடும்

"பின்னாடி எடு! ஒயரப் பாக்காத, எடுங்கறேன்!"

ரூனா கத்துகிறார். வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு டிரக்கைப் பின்னுக்கு எடுக்கிறார். சுவரில் செருகிய ஒயர் விறைத்து, பம்பரிலிருந்து டொக்கென்று கழன்று பனியில் விழுகிறது. "பாத்தியா? என் பிளக் விடும்." வேலை முடிந்தது என்பதற்கு ரூனாவின் முத்திரை அதுதான்.

கனடாவின் வினிபெக் ஏரிக்கரைக் குளிரில் இரவெல்லாம் எஞ்சின் ஹீட்டருக்கு மின்சாரம் ஊட்டாவிட்டால் காலையில் எஞ்சின் வெறும் பாறாங்கல். முன்பெல்லாம் ஹீட்டர் ஒயர் வண்டியின் முகப்பிலிருந்து தாகமெடுத்த நாயின் நாக்காகத் தொங்கும். தூக்கக் கலக்கத்தில் அதைப் பிடுங்க மறந்து கிளம்பினால் சுவரில் பாதியும் உடன் வரும். இங்கே எல்லோரும் ஒருமுறையாவது அப்படிக் கிளம்பியவர்கள்தான். இல்லை என்பவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு.

ரூனா பம்பரில் துளை போட்டு, மூடியுள்ள பிளக் ஒன்றைப் பொருத்துவார்; வண்டி நகர்ந்தால் சுவர் ஒயர் தானே கழன்று விழும், மூடி மூடிக்கொள்ளும். உள்ளே ஒயரை மின்விசிறிக்கும் புகைக்குழாய்க்கும் எட்டாமல் ஒதுக்கி, சாணுக்கொரு கட்டுப் போடுவார். வயது அறுபத்தொன்று. திருகாணிகளைப் பல்லில் கடித்தபடியே பேசுவதால் வசவில் பாதி நமக்குப் புரியாது. அது நமக்கு லாபம். உத்தரவாதச் சீட்டெல்லாம் கிடையாது. "என் பிளக் போட்ட வண்டி ஒயர இழுத்துட்டுப் போறத எவன் பாத்தாலும் சரி, ஏழு அடுக்கு வினார்டெர்டா கேக் சுட்டுத் தரேன்." பதினோரு வருஷம், நூற்று நாற்பது பம்பர். ஒரு கேக்கும் வெளியே போனதில்லை.

அப்படிப்பட்டவர் ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து மீன் கொட்டகை வரை பத்து மீட்டர் ஒயரை இழுத்துக்கொண்டே போனார் என்று ஊரில் பேச்சு. உண்மையானால் நூற்று நாற்பது பம்பரும் சந்தேகத்துக்குரியவை. சிலர் இப்போதே குனிந்து தங்கள் பிளக்கை ஆட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். விசாரிக்கப் புறப்பட்டேன்.

சாட்சி, வலைக்காரர் ஸ்டெய்னி. காப்பிக் கடையில் பிடித்தேன். "இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்யா. மஞ்ச ஒயரு, பாம்பாட்டம் நெளிஞ்சுகிட்டே போவுது. ஹார்ன் அடிச்சேன். ஏதோ நான் குசலம் விசாரிச்ச மாதிரி அவ கைய ஆட்டிட்டுப் போறா!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. பம்பர்ல பிளக்கு மூடி மூடியேதான் இருந்துச்சு."

ரூனாவிடம் கேட்டேன். திருகாணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பேச்சு தெளிவாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

"தரையில கெடந்தா பனியில ஒட்டிக்குமேன்னு ஒயர பம்பருக்குக் கீழ இருக்கற இழுவைக் கொக்கியில ரெண்டு சுத்து சுத்தி வச்சிருந்தேன். பழைய புத்தி. வண்டிய எடுத்ததும் சுத்து நழுவி பிளக்க இழுத்துச்சு. பிளக் விட்டுச்சு. அப்புறம் சுத்து இறுகி, ஒயரு சுவத்துலருந்து புடுங்கிட்டு கூடவே வந்துடுச்சு." பெருமூச்சு விட்டார். "பிளக் விட்டுச்சுப்பா. நான்தான் விடல."

இதற்குக் கேக் உண்டா, இல்லையா? காப்பிக் கடை இரண்டு நாள் இரண்டாகப் பிரிந்து நின்றது. பாதிரியார் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எங்கே கேக் வெட்டினாலும் அவருக்கு ஒரு துண்டு உண்டு.

புதன்கிழமை காலை ரூனா ஒரு தகர டப்பாவோடு உள்ளே வந்து ஸ்டெய்னியின் முன் வைத்தார். ஸ்டெய்னி மூடியைத் திறந்து, மாவும் உலர்பழ விழுதும் மாறி மாறி அடுக்கிய கேக்கை நகத்தால் கீழிருந்து மேலாக எண்ணினார்.

"ஆறுதானே இருக்கு?"

"பிளக் விட்டுச்சுல்ல. அதுக்கு ஒண்ணு கழிச்சாச்சு."

"ஏழுன்னு வாயால சொன்னியா இல்லியா? ஒரு அடுக்கு பாக்கி, ரூனா. ஊரே சாட்சி."

கடை முழுக்கச் சிரித்தது; ரூனாவும்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். வண்டியில் ஏறுவதற்கு முன், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், குனிந்து கொக்கியைச் சுற்றி ஒருமுறை கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.