பின் இருக்கையில் ஒரு குடம் தண்ணீர்

கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு கார் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் காரைப் பார்த்தார்கள், பிறகு என் வயிற்றைப் பார்த்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் காரைக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் லேத் பட்டறை இன்ஸ்ட்ரக்டர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பெரிய வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்த ஆசாரிகள். இவர் மரத்தை விட்டுவிட்டு இரும்புக்கு வந்தவர். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வீட்டில் எங்களோடு என் மாமியார் இருந்தார்.

அது இரண்டு கதவு வைத்த சின்னக் கார். மலேயாவுக்குப் போன ஒருவருடைய வீட்டுக் கொட்டகையில் நாலு வருஷமாகக் கிடந்தது. பின் இருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. ஒரு வளைவில் உருண்டு ஒரு பக்கம் நசுங்கிய கார் என்பதால் எங்களுக்குக் கட்டுப்படியான விலைக்குக் கிடைத்தது. உருண்ட காரை எதற்கு வீட்டுக்குக் கொண்டு வருகிறாய் என்று என் மாமியார் கேட்டார். உருண்டதற்குக் காரணம் தெரியும், அதைச் சரி பண்ணிவிடலாம் என்று என் கணவர் சொன்னார்.

அந்தக் காரணத்தை எனக்கு அடுப்படியில் உட்கார்ந்து விளக்கினார். இரண்டு கரண்டிகளை எடுத்துக் காம்பு நுனிகளை நடுவில் சேர்த்துப் பிடித்தார். காம்புகள்தான் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டுகள், கரண்டி முகங்கள் சக்கரங்கள். வேகமாக வளைவில் திரும்பினால் காரின் பின்பக்கம் மேலே எழும்பும், வெளிப்பக்கத்துச் சக்கரம் அடிவயிற்றுக்குள் மடங்கும், மடங்கிய சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங் வில்லாக வளைந்து மெத்தென்று இருக்கும்வரை இது நடக்கும். ஸ்பிரிங்கைத் தட்டையாக்கி, இறுக்கி, காரைத் தாழ்த்திவிட்டால் நடக்காது. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வாசலில் கார் சக்கரமில்லாமல் கட்டைகள் மேல் நின்றது. புதுவயலில் அரிசி மில் லாரிகளுக்கு ஸ்பிரிங் அடித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. சைக்கிள் கேரியரில் பட்டைகளைக் கட்டிக்கொண்டு நாலு தடவை அங்கே போனார். பழுக்கக் காய்ச்சி, வளைவை அடித்து எடுத்து, எண்ணெயில் முக்கி, கூடுதலாக ஒரு பட்டையும் சேர்த்துக்கொண்டு வந்தார். முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வாளால் அறுத்து எடுத்தார். மூட்டுகளில் இருந்த ரப்பர் புஷ்களைக் கழற்றிவிட்டு நைலானில் கடைந்து போட்டார். மதுரையில் பழைய சாமான் கடைகளில் தேடி, கனமான வண்டியின் ஷாக் அப்சார்பர் நாலு வாங்கி வந்தார். அளவுகளை அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகமாகப் பேசிக்கொண்டது அந்த மூன்று மாதத்தில்தான்.

கட்டையை எடுத்து இறக்கியபோது கார் முன்னைவிட நாலு விரல் தாழ்ந்து தரையோடு ஒட்டி நின்றது. ரோட்டில் போனால் தெருவில் உள்ள ஒவ்வொரு கல்லும் முதுகுக்குத் தெரிந்தது. தினமும் காலையில் அவர் என்னை எக்ஸ்சேஞ்சில் இறக்கிவிடுவார். இறங்கும்போது கொண்டை ஊசிகள் பாதி மடியில் கிடக்கும். ரோட்டுக்கு இது கொஞ்சம் கடுசு, பழகிவிடும் என்றார். பழகித்தான் போனது.

காரைக்குடிக்கு வெளியே யுத்த காலத்தில் போட்ட விமானத் தளம் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. மதுரை, திருச்சியிலிருந்து கார்ப் பித்து பிடித்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடினார்கள். தார் பீப்பாய்களை வளைத்து வளைத்து அடுக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டு, ஒவ்வொரு காராக விட்டு ஸ்டாப் வாட்சில் நேரம் பார்த்தார்கள். அதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர் சொன்னார்கள். என்னைத் தவிர அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் வேப்ப மரத்து நிழலில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் வாட்சைப் பிடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்தேன்.

மூன்று சுற்று ஒவ்வொருவருக்கும். முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் திறந்தேன். மூன்றாவது சுற்றில் பீப்பாய்கள் சாய்ந்து சாய்ந்து வந்தன, கார் மட்டும் சாயவே இல்லை. பெரிய கார்கள் எல்லாம் பீப்பாயை உருட்டிக்கொண்டு போன இடத்தில் எங்கள் கார் கோடு கிழித்த மாதிரி திரும்பியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

"இன்னொரு சுத்து போறீகளா?" என்று நான்தான் கேட்டேன்.

அவர் போய் மற்றவர்களிடம் கேட்டு வந்தார். கணக்கில் சேராது, சும்மா போய்க்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே விட்டார்கள். நாலாவது சுற்றை அவர் மற்ற மூன்றையும் விட வேகமாக ஓட்டினார்.

அன்றைக்கு எனக்கு நாள் தள்ளி ஐந்து நாளாகியிருந்தது. இதற்கு முன்னால் அப்படித் தள்ளித் தள்ளி ஏமாந்தது பல தடவை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் உறுதி செய்தார்கள். மாமியார் பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தார். அன்றோடு என்னைக் காரில் ஏற விடவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தே போனேன். என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வருவார். நாலாவது மாதம் ஒரு காலையில், சுவிட்ச் போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பில் வலி எடுத்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லேடி டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரையும் வைத்துக்கொண்டே சொன்னார். நடந்ததாலோ, காரில் போனதாலோ, தண்ணீர் தூக்கியதாலோ இது வரவில்லை, இது முதலிலிருந்தே நிற்கக்கூடிய கரு இல்லை என்றார். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடம் என் மாமியார், தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினால் எது நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், அவர் எனக்கு ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டு வந்தார். நான் குடிக்கவில்லை. கொஞ்சமாவது குடி, உடம்பு தேறணும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த தடவை என்ற வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்க காருதான் என் பிள்ளையக் கொன்னுச்சு" என்றேன்.

பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் அவர்தான் நின்றார். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மறுவாரம் காரைத் திரும்பவும் கட்டை மேல் ஏற்றினார். புதுவயல் பட்டறைக்குப் பட்டைகளைத் தூக்கிப் போய் மறுபடியும் வில்லாக வளைத்து வாங்கி வந்தார். சேர்த்த பட்டையோடு பழைய பட்டையிலும் ஒன்றைக் கழற்றினார். நைலான் போய் ரப்பர் வந்தது. பலமில்லாத பழைய ஷாக் அப்சார்பர்களையே மாட்டினார். கார் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கையால் அமுக்கினாலே தொட்டிலாக ஆடியது.

பிறகு அவர் பின் இருக்கையில் பிரிமணை வைத்து, அதன் மேல் பித்தளைக் குடத்தில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்கினார். பட்டறை விட்டு வந்ததும் குடத்தோடு கிளம்புவார். திரும்பி வந்து இருக்கையைத் தடவிப் பார்ப்பார். ஈரமிருந்தால் மறுநாள் மறுபடியும் ஏதாவது ஒன்றைத் தளர்த்துவார். தெருவில் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை, அதுவே பெரிது.

எனக்கும் புரிந்தது. அந்தக் குடம் யார் என்று தெரிந்தது. அது மட்டுமல்ல, வளைந்த ஸ்பிரிங், மெத்தென்ற ஸ்பிரிங், எழும்பி நிற்கும் பின்பக்கம் எல்லாம் சேர்ந்தால் சக்கரம் என்ன செய்யும் என்று கரண்டியை வைத்து அவரே எனக்குக் காட்டியிருக்கிறார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். எனக்காகத்தானே மெத்தென்று ஆக்குகிறார், ஆக்கட்டும் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் டியூட்டியில் இருந்தேன். திருப்பத்தூர் லைனில் விளக்கு எரிந்தது. அங்கே இருந்த ஆபரேட்டரை எனக்குக் குரலாக மட்டும் பல வருஷமாகத் தெரியும். அவசர கால், பாலிடெக்னிக் வேண்டும் என்றார். பிளக்கைச் சொருகினேன். லைன் சரியாகக் கிடைத்ததா என்று நாங்கள் சில விநாடி கேட்க வேண்டும். ஓர் ஆண் குரல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியது.

"ஒங்க இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தரு. சட்டைப்பையில அட்டை இருந்துச்சு. பிள்ளையார்பட்டி தாண்டி வளைவுல மாட்டு வண்டிக்கு ஒதுங்கிருக்காரு, கார் உருண்டுருச்சு. உசுரு இருக்கு. வலது கைதான் அடியில மாட்டிக்கிருச்சு, மதுரைக்கு அனுப்புறோம்."

நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. நடுவில் பேசவும் இல்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, டிரங்க் கால் டிக்கெட்டில் நேரத்தை எழுதி, தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

மதுரையில் அவருடைய கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த மறுநாள் அவர் என்னைப் பார்த்தார். கையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"வளைவு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தல" என்றார்.

நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே இரண்டு விஷயம். நான் சொன்னது பொய் என்பது ஒன்று. நாலாவது சுற்று கேட்டவள் நான் என்பது இன்னொன்று. நர்ஸ் மருந்து கட்ட வந்தார். நான் எழுந்து வழிவிட்டேன்.

பாலிடெக்னிக்கில் நல்லவர்கள் இருந்ததால் வேலை போகவில்லை. லேத்திலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். இடது கையால் எழுதப் பழகினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி கோணல் மாணலாக இருக்கும். கார் திருப்பத்தூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே கிடந்து, கடைசியில் இரும்புக் கடைக்குப் போனது. மாமியார் அதற்குப் பிறகு காரைப் பற்றிப் பேசவே இல்லை. மகனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் கட்டிலை முன்னறையில் போட்டுக்கொண்டார். காயம் ஆறும்வரை என்று நினைத்தேன். காயம் ஆறியது, கட்டில் அங்கேயே இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. இன்னொரு பிள்ளை உண்டாகி அதுவும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, அவரிடம் படித்து, மதுரையில் மோட்டார் கம்பெனி வேலைக்குப் போன ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே மாதிரி சின்னக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன், போட்டிக்கும் ஓட்ட வேண்டும், வீட்டு ஆட்களையும் கூட்டிப் போக வேண்டும், ஸ்பிரிங்கை எப்படி வைப்பது என்று கேட்டார். இவர் இடது கையால் கோடு கோடாகப் படம் போட்டு, எந்தப் பட்டை, எவ்வளவு வளைவு, எங்கே நைலான் என்று அரை மணி நேரம் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் பேசிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. இதில் வீட்டில் உள்ளவர்களைத் தூக்கித் தூக்கிப் போடுமே சார் என்று அந்த ஆள் கேட்டார்.

"போடும். அவுகள பஸ்ஸுல அனுப்பு. ஸ்பிரிங்க மட்டும் தளத்தாத" என்றார்.

நான் காப்பியோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். வந்தவருக்குக் காப்பியைக் கொடுத்தேன். அவருடைய டம்ளரை, அவர் எடுக்க வசதியாக, இடது கைப் பக்கம் வைத்துவிட்டு உள்ளே போனேன்.