கண்ணாடிப் பெட்டிக்குள் இடியப்ப உரல்

டோர்ட்மண்ட்டில் என் ஆட்கள் துடைக்காத பெரிய கட்டடங்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் நான் கிழித்தது ஒன்றுமில்லை. வாளியும் தும்புத்தடியுமாகத் தொடங்கி, இன்று தெருவில் ஓடும் வான்களில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் போனவர்கள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இப்போதெல்லாம் சொல்லி முடித்ததும் களைத்துப்போகிறது.

நாங்கள் துடைக்கும் கட்டடங்களில் ஒரு மியூசியமும் உண்டு. வேற்று நாடுகளிலிருந்து அள்ளிவந்த சாமான்களைத் திருப்பிக் கொடுப்பதா இல்லையா என்று அங்கே பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் கோப்பைகளைப் பொறுக்குவது நாங்கள்தான். என் மகள் இதையெல்லாம் கேட்டுக் கொதிக்கிறாள். எனக்குக் கொதிக்கவும் அலுப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றும் அப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய எங்களை, டோர்ட்மண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில் போட்டிருந்த காலம் அது. ஒரே அறை, சமைக்கப் பொதுக் குசினி. எனக்குப் பத்து வயது. ஆனால் பள்ளிக்கூடம் போனதால் அந்த விடுதியில் ஜெர்மன் பேசத் தெரிந்த ஒரே தமிழன் நான்தான். வைத்தியரிடம் போவதென்றாலும் பெரிய மனிதர்கள் என் பின்னால்தான் வருவார்கள்.

அம்மா ஊரிலிருந்து தன் உடுப்புகளை விட்டுவிட்டு இடியப்ப உரலைக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கலியாணத்துக்கென்று பலா மரத்தில் கடைந்தது. அடியில் பித்தளைத் தட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதில் பிழிய, விடுதியில் தனியாக இருந்த பொடியன்கள் எல்லாரும் தட்டோடு வந்து நிற்பார்கள். அன்றைக்கு மட்டும் அம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

விடுதிக்கு அடிக்கடி ஒரு ஜெர்மன் கிழவர் வருவார். ஓய்வுபெற்ற வாத்தியார். எங்கள் அன்ட்ராக்குக்கு, அதுதான் அகதி விண்ணப்பத்துக்கு, வேண்டிய கடிதங்களை எழுதித் தந்தவர் அவர்தான். ஊர் மியூசியத்தையும் அவரே நடத்தினார். உழுத வயல்களில் குனிந்தபடி நடந்து கல்லுக் கோடரி பொறுக்குவார். மண் அள்ளும் இயந்திரம் எங்கே நின்றாலும் ஓடிப்போய், ஆதிகாலத்தில் இறந்தவர்களின் சாம்பல் வைத்த பானைகளை உடையாமல் எடுத்துவருவார். நல்ல மனிதர். அதில் சந்தேகமே இல்லை.

ஒரு ஞாயிறு அவருக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தோம். அவர் சாப்பிட்டதைவிட உரலைப் பார்த்ததுதான் அதிகம். தூக்கினார், தட்டினார், மணந்து பார்த்தார், "அழகு, அழகு" என்றார். அப்பா உடனே எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னார்.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கொண்டு போங்கோ. இதென்ன பெரிய காரியமே?"

நான் ஒரு சொல் குறையாமல் ஜெர்மனில் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் இதற்கு விருந்தாளி, "சீச்சீ, உங்களுக்குத் தேவையெல்லே" என்று சொல்லவேண்டும். சாமான் இருந்த இடத்திலேயே இருக்கும், இரண்டு பக்கத்துக்கும் மரியாதை மிஞ்சும். இந்த மனிதரோ எழுந்து, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. உரலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்.

கதவு சாத்தியதும் அம்மா தொடங்கினார்.

"வடிவாக் குடுத்தியள். இனி மாவை வாயாலயே பிழியிறது?"

"அவர் உண்மையாத் தூக்குவார் எண்டு நான் கண்டனே?"

"போய்க் கேளுங்கோ."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? ஏலாது. எங்கட அன்ட்ராக்கும் அவற்ற கையிலதான் கிடக்கு."

அடுத்த ஞாயிறு அம்மா சோறு வைத்தார். தட்டோடு வந்த பொடியன் ஒருவன், "என்னக்கா, இனி இடியப்பத்தை மியூசியத்திலதான் போய்ப் பாக்கவேணுமோ?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

குளிர் தொடங்கியபோது, அப்பாவுக்குச் சொல்லாமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்குப் போனார்.

"தீவாளிக்கு இரவல் எண்டு கேள். இரவல் கேட்டா திருப்பிக் கேட்டதா இராது" என்று வழி நெடுகச் சொல்லித் தந்தார்.

கீழே அந்த ஊர் மண்ணில் கிண்டி எடுத்த பானைகள். மேல் மாடியில் எங்கெங்கோ தீவுகளிலிருந்து வந்த முகமூடிகள், ஈட்டிகள், மரக் கிண்ணங்கள். அவற்றுக்கு நடுவே எங்கள் உரல், அதற்கென்று தனி விளக்கோடு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அம்மா பக்கத்துப் பெட்டியில் இருந்த ஒரு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிண்டிக் கிண்டி ஒரு பக்கம் தேய்ந்துபோன கிண்ணம்.

"உது ஆற்றையாம்?"

ஒரு கப்பல் தலைவர் நியூகினியிலிருந்து கொண்டுவந்து ஊருக்கு அன்பளிப்பாகத் தந்தது என்றார் கிழவர்.

"கப்பல்காரனுக்கு முதல் ஆற்றை எண்டு கேள்."

கேட்டேன். அது தெரியாது, ஒருவரும் விசாரித்து வைக்கவில்லை என்றார்.

பிறகு இரவல் கேட்டேன். கிழவர் கோபிக்கவில்லை. திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்து, உரலை அம்மாவின் கையிலேயே வைத்தார். தீபாவளிக்கென்ன, வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் இதில் இனிச் சமைக்கக்கூடாது. மாடியில் உள்ள மரச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் செய்வதுபோல இதற்கும் மருந்து ஊறவிட்டிருக்கிறேன், இனி எந்தக் காலத்திலும் அழியாது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"என்னவாம், மோனை?"

"புழுப் பிடியாமல் மருந்து போட்டிருக்காம். இனிச் சாப்பாட்டுக்குப் பாவிக்க ஏலாதாம்."

"கழுவினா?"

"கழுவினாலும் போகாதாம்."

அம்மா உரலின் பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு தானே அதைத் திரும்ப விளக்கின் கீழ் வைத்து, பித்தளைத் தட்டு தெரியும்படி சரித்துவிட்டு, "டாங்கே" என்று நன்றி சொன்னார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

கை கழுவவேண்டும் என்று பெண்கள் கழிவறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. குழாய் நிற்காமல் ஓடும் சத்தம் வெளியே கேட்டது. கிழவர் கையில் திறப்போடு நின்றபடி என்னைப் பார்த்தார். உரல் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்ட சந்தோஷத்தில் இருந்த நான், மருந்து பொல்லாதது, அம்மா எவ்வளவு கழுவியும் போகவில்லை போலிருக்கிறது என்று அவருக்கு நல்ல ஜெர்மனில் விளக்கிச் சொன்னேன்.