மூச்சு விடுகிற ஓட்டை

கார் ஹெட்லைட்டுகளை மட்டுமே பழுது பார்ப்பதால் அவருக்குக் கண் டாக்டர் என்று பெயர். கோபம் மூக்கின் மேல் நிற்கும். விளக்கைக் கெடுத்துக்கொண்டு வருகிறவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுப்பார்.

அன்று வந்தது மகளும் மருமகனும். மழை ஓய்ந்த பிறகும் அவர்கள் காரின் விளக்குக் கண்ணாடிக்குள் நீர் முத்து முத்தாகப் படிந்திருந்தது. விளக்கைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கத்துச் சிறு துளையைச் சிலிகான் பசை அடைத்திருந்தது.

"தண்ணி உள்ள போயிடக் கூடாதுன்னு நான்தான் அடைச்சேன் மாமா," என்றார் மருமகன் பெருமையாக.

வேறு யாராவது என்றால் கடையே அதிர்ந்திருக்கும். மருமகன் ஆயிற்றே, வந்த வார்த்தையை மென்று விழுங்கினார்.

"அது மூச்சு விடற ஓட்டை மாப்பிள்ளை. விளக்கு எரிஞ்சு சூடானா, உள்ள இருக்கற ஈரம் அது வழியாத்தான் வெளிய போகணும். அதை அடைச்சிட்டா எங்க போகும்?"

பசையைச் சுரண்டி எடுத்தார். பல்பு மூடியைத் திறந்து, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் உள்ளே காயவைத்தார். கண்ணாடி மெல்லத் தெளிந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "தூசி வருதுன்னு வீட்டு ஜன்னலையும் இவர் இப்படித்தான்பா ஒட்டி வச்சிருக்காரு."

கண் டாக்டர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, பசை சுரண்டிய கத்தியைத் துடைத்து நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை."