பதினேழு தட்டு, ஒரு பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை திகாம் பத்து ஊரில் ஒரு பரிசத்துக்குப் போனேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனவள், ஒரு காரின் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. எழுதவே அலுப்பாக இருக்கிறது. ஆனால் இந்த வாரம் வேறு எதை எழுத?

மாப்பிள்ளை என் அண்ணன் மகன். மெர்போக்கிலிருந்து நான்கு கார்களில் கிளம்பினோம். நம் வீட்டு ஊர்வலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? ஏறும்போது ஒரு காரில் இருக்கும் பிள்ளை, பெட்ரோல் ஸ்டேஷனில் இன்னொரு காருக்கு மாறும். "இங்க ஏர்கோன் நல்லா இருக்கு, இப்படி குடு" என்பார் ஒருவர். "என் மடியிலதான் தூங்குவான்" என்பார் இன்னொருவர். மண்டபம் போய்ச் சேருவதற்குள் யார் பிள்ளை யார் காரில் என்று பெற்றவளுக்கே குழம்பிப் போகும். இதற்குப் பெயர்தான் சொந்தபந்தம் — பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

அன்றைக்கு அப்படி மாறியவன் தருண். ஒன்றரை வயது. அண்ணியின் தங்கை மகள் கவிதாவின் பிள்ளை. கவிதாவின் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், லீவு கிடைக்கவில்லை. தனியாக ஓட்டி வந்த பெண் மீது இரக்கப்பட்டு, வழியில் அண்ணிதான் பையனை வாங்கிக்கொண்டார். குழந்தை இருக்கை கவிதாவின் காரிலேயே தங்கிவிட்டது. பையன், அண்ணி வந்த அவர் தம்பி மணியின் காருக்குப் போனான். புத்தம் புது ஏழு சீட்டு கார், கண்ணாடியெல்லாம் கறுப்பு. கடைசி வரிசையில் படுக்க வைத்ததும் தூங்கிவிட்டான்.

மண்டப வாசலில் இறங்கியதும் ஆரம்பித்தது கலாட்டா.

"ராகுகாலம் வரப்போகுது லா! சீக்கிரம் எறங்குங்க! தட்டை யாரும் கீழ வைக்காதீங்க!" — அண்ணியின் குரல் குரூண் ஊர் வரை கேட்டிருக்கும்.

பதினேழு வரிசைத் தட்டு. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். தூக்க பதினாறு பேர்தான் இருந்தோம். அண்ணி சுற்றிலும் பார்த்தார். கவிதா வெறும் கையோடு மணியின் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"நீ இதைப் புடி."

"பெரியம்மா, தருண்..."

"அவன் தூங்குறான். மணி மாமா பாத்துக்குவாரு. நீ வா."

ஆப்பிள் அடுக்கிய தட்டு. நல்ல கனம். கவிதா வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? சபை நடுவே பெரியவர்களிடம் முடியாது என்று சொல்லும் பெண்ணா நம் வீடுகளில் வளர்கிறாள்?

மணியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா இறங்கினார், பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் இறங்கியிருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டார். காரைக் கொண்டுபோய் ஒரு மரம்கூட இல்லாத பார்க்கிங்கில் நிறுத்தினார். பூட்டினார். அப்போதுதான் மாலைகளைப் பூக்கடையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. யாரோ ஒருவரின் காரில் தொற்றிக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் பறந்தார். சாவி அவர் சட்டைப் பையில்.

உள்ளே நாங்கள் தட்டுகளை வரிசையாக வைத்தோம். பெண் வீட்டார் எண்ணிப் பார்த்தார்கள். அண்ணியும் எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூட — நானும் சேர்த்துத்தான் — பிள்ளைகளை எண்ணவில்லை.

கவிதா மட்டும் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள். "அத்தை, தருண் யாருகிட்ட?" என்று என்னிடம் கேட்டாள்.

"இங்கதான் யாராவது வச்சிருப்பாங்க" என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு பெண். பாருங்கள்... 'யாராவது.' அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதெல்லாம் உடனே 'யார்?' என்று கேட்கிறேன்.

மணிக்குப் போன் அடித்தேன்.

"அக்கா தூக்கிட்டுப் போச்சே!" என்றார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "ஐயோ... ஐயோ... சாவி என்கிட்ட இருக்கு. பத்து நிமிஷத்துல வந்துடுறேன்!"

ஓடினோம். அந்த வெயிலில் காரின் கதவைத் தொட்ட கை சுட்டது. கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் கடைசி சீட்டில் சின்னதாக ஒரு மஞ்சள் சட்டை. அசைவே இல்லை.

"தருண்! தருண்!" கவிதா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

இங்கேதான் நம் ஆட்களின் பெருந்தன்மையைப் பார்க்க வேண்டும். "மணி அண்ணே வந்துட்டே இருக்காரு, கொஞ்சம் பொறுங்க." "புதுக் காடி லா, சீட்டு பிளாஸ்டிக்கூட இன்னும் பிரிக்கல." "பின்பக்கம் ஏதாச்சும் தொறக்குமா பாருங்க..." பத்து நிமிடமாம்! அந்தப் பத்து நிமிடம் நமக்கு வெளியே. அவனுக்கு உள்ளே.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. மண்டப வாசலில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கி வந்தேன். பையனுக்குத் தூரமாக இருந்த முன் கதவுக் கண்ணாடியை ஓங்கி அடித்தேன். முதல் அடிக்கு அசையவில்லை. அடுத்த அடிகளுக்கு நொறுங்கியது. உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. கவிதா கையைக் கிழித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பையன் முகம் சிவந்திருந்தது. தலை நனைந்திருந்தது. துணிபோலத் தொங்கினான். அழவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மணப்பெண்ணின் அப்பா அதற்குள் 999 அவசர எண்ணுக்கு அடித்துவிட்டார். அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல அவர் எங்களுக்குச் சொன்னார். ஏர்கோனுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றினோம். ஈரத் துண்டால் ஒற்றி ஒற்றி விசிறினோம். வாயில் தண்ணீர் ஊற்ற வந்த ஒருவரின் கையைத் தட்டிவிட்டேன், மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் புரையேறிவிடும். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு சின்ன முனகல் கேட்டது. கவிதா அவனோடு ஏறிக்கொண்டாள்.

இரவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டான், இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். அவர் உள்ளே திரும்பியதுமே யாரோ முணுமுணுத்தார்கள்: "என்னதான் இருந்தாலும் பெத்தவளுக்கு நெனப்பு வேணாமா?"

வந்துவிட்டது! ஒவ்வொரு முறை இப்படிச் செய்தி வரும்போதும் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் அதே கேள்வி. 'இவளெல்லாம் ஒரு தாயா?' கூடவே அழுகிற பொம்மை. படித்துப் படித்துச் சலித்துவிட்டது எனக்கு. அப்படி எழுதுகிறவர்கள் எல்லாரும், தங்களுக்கு இது நடக்காது என்று நம்புகிறவர்கள். எங்கள் நான்கு கார்களிலும் அப்படிப்பட்டவர்கள்தான் இருந்தோம். பிள்ளைமேல் ஆசை இல்லாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. ஆசை இருந்து என்ன செய்ய? பின் சீட்டைத் திரும்பிப் பார்க்க ஓர் ஆள் இல்லையே!

ஆகவே, அலுப்போடு சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். யார் காரைப் பூட்டுகிறாரோ, அவரே பின் கதவைத் திறந்து கடைசி சீட்டு வரை பார்க்கட்டும். பிள்ளையைக் கைமாற்றினால் பெயர் சொல்லிக் கொடுங்கள், 'என்கிட்ட இருக்கான்' என்று வாயால் பதில் வாங்குங்கள். தலையாட்டல் போதாது. கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தால் காற்று வரும் என்று நினைப்பவர்கள், மத்தியானம் அப்படியொரு காரில் தாங்களே உட்கார்ந்து பார்க்கட்டும். வீட்டிலும் சாவி எட்டாத இடத்தில் இருக்கட்டும், விளையாட்டாக ஏறிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. கண்ணாடியை உடைக்க வேண்டி வந்தால் உடைத்துவிடுங்கள். மணி இதுவரை கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தால் கண் கலங்குகிறார், அவ்வளவுதான்.

அண்ணி வார்டு வாசலில் கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு கவிதாவின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்டி... தூக்கினா முழிச்சுக்குவான், சபையில அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவான், பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்களோன்னு..."

உள்ளே நர்ஸ் ஊசி போட்டிருப்பார் போல. தருண் வீறிட்டான். மாடி முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணி பதறி எழுந்தார்.

"உட்காருங்க அண்ணி" என்றேன். "அழட்டும்."