மழையில் நனைந்த பாதி விலை

என் கணவருடைய அக்கா வாழ்நாளில் எதையும் முழு விலை கொடுத்து வாங்கியதில்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் அவரே சொல்லிக்கொள்வார். சேலையூரில் அவர் வீட்டுப் பரண் முழுக்க அந்தப் பெருமைக்குச் சாட்சிகள் இருந்தன. பிரிக்காத ஹாட் பாக்ஸ்கள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த தோசைக்கற்கள், கைப்பிடி இல்லாததால் மலிவாகக் கிடைத்த குக்கர், பிற்பாடு அந்தக் குக்கருக்கென்று வாங்கிப் பொருந்தாமல் போன கைப்பிடி. புழங்குவதற்கு அவரும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். மகன் காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் வீடு செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துக் காலனியில் இருந்தது. நான் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்த வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு எங்கள் பழைய ஃபிரிட்ஜ் செத்துப்போனது. பண்டிகைக்குள் புதுசு வாங்கிவிட வேண்டும் என்று என் கணவர் பறந்தார். நான் முடியாது என்றேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஃபிரிட்ஜ் கடைக்குப் போகிற மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். கதவைக்கூடத் திறந்து பார்க்காமல், கூட வருகிற பிளாஸ்டிக் பக்கெட் என்ன நிறம் என்று விசாரிப்பார்கள். பில் போட்டதும் ஒரு கூப்பனைச் சுரண்டச் சொல்வார்கள். குடும்பமே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சுரண்டும். கார் விழும் என்று எதிர்பார்த்த முகங்களுக்குச் சாவிக்கொத்து விழும். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். பண்டிகை முடியட்டும், கடைக்காரன் இறங்கி வருவான் என்றேன். அதுவரை பாலைத் தினமும் மூன்று வேளை காய்ச்சினோம்.

பண்டிகை முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. தாம்பரத்தில் மழை என்றால் முடிச்சூர் ரோடு ஓடையாகிவிடும், பஸ் வந்தால் கடைப் படிக்கட்டில் அலை அடிக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் அந்தப் பக்கத்தில் இருந்த பெரிய வீட்டுச் சாமான் கடை ஒன்றில் பதாகை தொங்கியது. அந்த வருடங்களில் தீபாவளியும் ரம்ஜானும் அடுத்தடுத்து வந்தன. செலவு மிச்சம் என்று ஒரே துணியில் ஒரு பக்கம் குத்துவிளக்கும் இன்னொரு பக்கம் பிறையும் வரைந்து, நடுவில் பாதி விலை என்று எழுதியிருந்தார்கள். அண்ணி அன்று மாலையே போன் செய்தார். அவருக்கு வாஷிங் மெஷின் வேண்டுமாம். எனக்கும் ஃபிரிட்ஜ் பார்க்க வேண்டியிருந்ததால் சேர்ந்தே போனோம்.

கடையின் கீழ்த்தளத்தில் அட்டைப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மிச்சச் சரக்கு என்றார்கள். ஊரே அங்கே இருந்தது. எதிர்க்கட்சி ஆசாமியிடமிருந்து கொடியைப் பிடுங்குகிற மாதிரி இரண்டு பெண்கள் ஒரு மிக்ஸி பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எதை இழுக்கிறார்களோ அதுதான் நல்ல சரக்கு என்று மூன்றாவது ஒருத்தி காத்திருந்தாள். எனக்கு முதலில் பட்டது வாசனை. பள்ளிக்கூடத்தில் மழைக்காலத்துச் சாக்குப் பையிலிருந்து வருமே, அந்த ஊறல் வாசனை. குனிந்து பார்த்தேன். அடி வரிசைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. அதற்குக் கீழே அட்டை உப்பி, தொட்டால் பிய்ந்து வந்தது.

அண்ணியைத் தனியாக இழுத்துச் சொன்னேன். இது பண்டிகையில் மிஞ்சிய சரக்கு இல்லை, கிடங்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது, நனைந்ததைத்தான் தள்ளிவிடுகிறார்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அட்டைதானேம்மா நனைஞ்சிருக்கு. அட்டையிலயா துணி துவைக்கப்போறேன்?"

பக்கத்தில் டை கட்டி நின்ற விற்பனையாளருக்கு இதைக் கேட்டு அப்படியொரு நிம்மதி. மேடம் சொல்வதுதான் கரெக்ட் என்றார். அண்ணியின் மேல் அவருக்கு அன்றைக்கு ஏற்பட்ட மரியாதையைச் சொந்தத் தாயாரிடம்கூடக் காட்டியிருக்க மாட்டார்.

நான் மாடிக்குப் போனேன். தண்ணீர் ஏறாத இடம் அதுதான். பார்வைக்கு வைத்த சாமான்கள் மட்டும் அங்கே நின்றன, கூட்டம் இல்லை. பெட்டி பிரித்த பொருள் என்றால் நம் ஜனங்களுக்கு இளப்பம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதில்தான் அவர்களுக்குக் கௌரவம். ஒரு மூலையில் கிளிப்பச்சையில் ஒரு ஃபிரிட்ஜ் நின்றது. நிறத்துக்காகவே யாரும் அதைத் தொடவில்லை. கரண்டில் போடச் சொன்னேன். கதவு ரப்பரில் ரூபாய்த் தாளைச் செருகி இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகப் பிடித்தது. பின்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். பக்கவாட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். பாதி விலைக்குக் கேட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டுக் கொடுத்தார்கள். முழு கம்பெனி கியாரண்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அதை ஆஸ்பத்திரி கலர் என்றார். கறந்த பாலுக்கும் குழம்புக்கும் கலர் தெரியாது என்று சொல்லி வாயை அடைத்தேன்.

அண்ணியின் மெஷினும் என் ஃபிரிட்ஜும் ஒரே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான் வந்தன. முதலில் சேலையூரில் இறக்கினோம். வண்டிக்காரர் பெட்டியைத் தோளில் சாய்த்துப் படியேறும்போது நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, புது மிஷின்னு சொன்னீங்கோ. உள்ள தண்ணி கீது, குலுங்குது."

அண்ணி அசரவில்லை. கம்பெனியில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், அந்த டெஸ்ட் தண்ணீர் என்றார். சொல்லி முடிப்பதற்குள் பெட்டியின் அடியிலிருந்து கலங்கலாக வடிந்து வண்டிக்காரரின் சட்டை நனைந்தது. எந்தக் கம்பெனி முடிச்சூர் ரோட்டுச் சேற்றை விட்டு டெஸ்ட் செய்கிறது என்று என் நாக்கு வரைக்கும் வந்தது. நாத்தனார் உறவு அதற்குமேல் அதை வெளியே விடவில்லை.

பிறகு சில வாரங்கள் போனில் பேசும்போதெல்லாம் மெஷின் எப்படி என்று கேட்பேன். சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குள் நுழைந்தேன். ஹால், படுக்கையறை, ஜன்னல் கம்பி என்று எல்லா இடத்திலும் சொட்டச் சொட்டத் துணிகள். அண்ணியின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. குளியலறை ஓரத்தில் மெஷின் பூப்போட்ட உறை மாட்டி நின்றது, மேலே பிளாஸ்டிக் ரோஜா ஜாடி. கீழே தரையில் காபிக் கறை மாதிரி துரு ஒழுகியிருந்தது. சத்தமில்லாமல் ஓடுகிறது என்றது பாதி உண்மைதான்.

என் புடவையில் குழம்பு கொட்டிவிட்டது, இதில் போட்டு எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் ஜாடியை நகர்த்தினார், திரும்ப வைத்தார், பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாளே சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியதாம், கருகல் நாற்றம் வந்ததாம், மாடி முழுக்க ஃபியூஸ் போய்விட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டதற்கு இவரும் அவர்களோடு சேர்ந்து யார் வீட்டில் கோளாறு என்று தேடியிருக்கிறார். படப்பைப் பக்கம் ஃபேக்டரியில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் அண்ணி கையாலேயே துணியெல்லாம் துவைத்துவிடுவாராம். வீட்டுக்காரருக்கும் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. சிரிப்பாங்க," என்றார்.

நியாயமாக நான்தான் முதலில் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அந்த விரல்களைப் பார்த்த பிறகு என் கோபமெல்லாம் கடைக்காரன் பக்கம் திரும்பியது. கிளம்புங்கள் என்றேன்.

கடையில் அதே டை ஆசாமி இருந்தார். பாதி விலைச் சரக்குக்கு மாற்றும் கிடையாது, கியாரண்டியும் கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கிறது என்றார். போட்டிருந்ததுதான், எறும்பு சைஸில். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றேன். வெளியே போயிருக்கிறார் என்றார். முதலாளி கண்ணாடி அறைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நானும் சண்டை போடவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரப் போட்டிருந்த சோபாவில், வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். அண்ணியையும் உட்கார வைத்தேன்.

உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் என்ன வாங்க வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். வாஷிங் மெஷின் என்றால் நடந்ததைச் சொன்னேன். கிரைண்டர் என்றாலும் அதையேதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற குரல், கடைசி பெஞ்சு வரை கேட்கும். ஒரு தம்பதி திரும்பிப் போனார்கள். பெரும்பாலானவர்கள் கேட்டுவிட்டு, நமக்கு அப்படி ஆகாது என்ற முகத்தோடு பெட்டிகளிடம் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாதி விலையின் எதிரில் அறிவியல் டீச்சர் என்ன செய்வாள்?

பிறகு ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு எல்லாச் சாமானும் ஒரே கடையில் எடுக்க வந்திருந்தார்கள். முதலாளி டீயை வைத்துவிட்டு அவராகவே வெளியே வந்தார். பெண்ணின் அம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். அவர் முழுசாகக் கேட்டார். அண்ணியின் கையை எடுத்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து கணவரிடம் போய்ச் சொன்னார். அவர் பர்மா பஜார் பக்கம் வியாபாரம் செய்தவராம். முதலாளியிடம் அமைதியாகத்தான் பேசினார்.

"நனைஞ்ச சரக்குன்னு எழுதிப் போட்டு வித்தா அது வியாபாரம், சார். இதுக்குப் பேர் வேற. இவங்களுக்கு முதல்ல முடிச்சுக் கொடுங்க. அப்புறம் நாங்க எடுக்கலாமா வேணாமான்னு பாக்குறோம்."

வெளியே போயிருந்த முதலாளி அடுத்த நொடி முழுதாக உள்ளே வந்துவிட்டார். பணமாகத் தரும் வழக்கம் இல்லை, அதே மதிப்புக்கு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டார். டை ஆசாமியைத் திட்டினார், அவரும் பழகியவர் போல் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணியை மாடிக்கு அழைத்துப் போய், பார்வைக்கு வைத்திருந்த சின்ன வாஷிங் மெஷின் ஒன்றைக் காட்டினேன். தண்ணீர் விட்டு ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. சரி, கீழே போய்ப் பில் போடச் சொல்கிறேன், நீங்கள் பின்னாலேயே வாருங்கள் என்று நான் முன்னால் இறங்கினேன். அந்த மெஷின் கொஞ்சம் விலை குறைவு. மீதி மதிப்புக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். படியில் இறங்கி வந்தபோது அண்ணியின் கையில் ஒரு பெட்டி இருந்தது. ரூம் ஹீட்டர். தாம்பரத்தில், மின்விசிறி நின்றால் மார்கழியிலும் முதுகு வேர்க்கிற ஊரில், ரூம் ஹீட்டர்.

"எழுபது சதவீதம் தள்ளுபடிம்மா," என்றார். கண்ணெல்லாம் வெளிச்சம்.

வாங்க ஆள் இல்லாத பொருளுக்கு நூறு சதவீதமே தள்ளுபடி தரலாம் என்றேன். அவர் காதில் விழவில்லை. மெஷின் பின்னால் வண்டியில் வர, ஆட்டோவில் ஹீட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சேலையூர் வருவதற்குள் கதை மாறிவிட்டது. மெஷின் ஒத்துவரவில்லை என்று சொன்னதும் முதலாளியே எழுந்து வந்து மாற்றிக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் இதையும் கையில் கொடுத்தார் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவர் குடியிருப்பிலிருந்து நாலைந்து பெண்கள் அந்தக் கடைக்குப் போனார்கள். அவ்வளவு நல்ல முதலாளியாம். போனவர்களில் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள், என் பள்ளியில் கணக்கு டீச்சர். கிரைண்டர் வாங்கினாளாம், பாதி விலையாம், அட்டை மட்டும் லேசாக நனைந்திருந்ததாம்.